மூன்றாவது தடவை யாரும் கேட்கவில்லை

அந்த ஆரம்பப் பள்ளியில் பெல்லம்மா என்று சொன்னால்தான் தெரியும். மின்சார மணி கருகிப்போய் ஒன்பது வருஷம் ஆகிறது. சரிசெய்ய ஆள் வருகிறார், வருகிறார் என்று சொல்லிச் சொல்லியே இரண்டு பெரிய டீச்சர்கள் ஓய்வு பெற்றுப் போனார்கள். அதுவரைக்கும் நீங்களே அடிச்சிடுங்க என்று அவள் கையில் ஒரு பித்தளை மணியைக் கொடுத்தார்கள். பெயர் வைப்பதில் பிள்ளைகளைக் கேட்கவா வேண்டும்? ஒரே வாரத்தில் பெல்லம்மா ஆகிவிட்டாள். அதற்குப் பிறகு டீச்சர்கள், பெற்றோர்கள், தண்ணீர் கேன் போடுகிறவர், எல்லோருக்கும் அவள் பெல்லம்மாதான்.

மணி அடிப்பது போக, பதினாலு வகுப்பறை, ஒன்பது கழிப்பறை, இரண்டு நீளத் தாழ்வாரம், எல்லாம் அவள் பாடு. பதினெட்டு வருஷமாக அவள் துடைப்பமும் ஈரத்துணியும் படாத மூலை அங்கே கிடையாது. வயது ஐம்பது. முழங்கால் இரண்டும் அறுபது என்று சொல்லும்.

அந்தப் பள்ளிக்கு ஒரு பெருமை உண்டு. கீழ்த் தாழ்வாரத்துச் சுவர் முழுக்க இருபத்திரண்டு மொழிகளில் வரவேற்பு அட்டை ஒட்டியிருக்கும். புதன்கிழமை மதியத்துக்கு மேல் பாடப் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு, 'உலகம் நம் வகுப்பில்' என்று ஒரு மணி நேரம். ஒரு வாரம் ஏதோ ஒரு தேசத்துப் பாட்டு, ஒரு வாரம் அவர்கள் எழுத்து, இன்னொரு வாரம் அவர்கள் வீட்டில் எப்படி விருந்தாளியைக் கூப்பிடுவார்கள் என்று நடித்துக் காட்டுவது. மேலதிகாரிகள் வந்தால் நேரே அந்தச் சுவருக்குத்தான் கூட்டிப் போவார்கள். பிள்ளைகள் ஆறு மொழியில் ஒன்றிலிருந்து பத்து வரை கடகடவென்று ஒப்பிக்கும். அதே பிள்ளைகளிடம் ஏழெட்டு எவ்வளவு என்று கேட்டால் மட்டும் ஒரு முகத்திலும் ஈயாடாது. ஆனாலும் நல்ல காரியம்தான், நான் குறை சொல்லவில்லை. தாழ்வாரத்தைத் துடைத்துக்கொண்டே கேட்டுக் கேட்டுப் பெல்லம்மாவுக்கும் பதினோரு மொழியில் நன்றி சொல்ல வரும்.

பன்னிரண்டாவது ஒன்றும் வரும். அது நன்றியோடு நிற்காது. கோபிக்கவும் கொஞ்சவும் கணக்குப் போடவும் அழவும் அதில் அவளுக்கு வரும். அந்த மொழிக்குச் சுவரில் அட்டை இல்லை.

அவள் பிறந்தது ஆற்றுக்கு அந்தப் பக்கத்து ஆட்களிடம். அக்கரையார் என்று இங்கே சொல்வார்கள். சொல்கிற குரலைப் பொறுத்து அது ஊரைக் குறிக்கும், அல்லது திட்டைக் குறிக்கும். அவள் அப்பா பிழைப்புக்காக இந்தப் பக்கம் குடும்பத்தோடு வந்து, நூல் ஆலைத் தெருவில் வீடு எடுத்திருந்தார். அவளுக்குப் பத்தொன்பது வயதில் இரண்டு கரைக்கும் சண்டை மூண்டது. இந்தப் பக்கம் இருந்த அக்கரை வீடுகளின் கதவில் யாரோ சுண்ணாம்புக் கோடு இழுத்துவிட்டுப் போனார்கள். மறுநாள் காலையில் அப்பாவையும் இரண்டு அண்ணன்களையும் லாரியில் ஏற்றினார்கள். லாரி எங்கே போனது என்று இன்றுவரை ஒருவரும் சொல்லவில்லை. அம்மா அந்த வருஷமே போய்ச் சேர்ந்தாள். ஆலையில் இயந்திரம் பழுது பார்க்கும் மெக்கானிக் ஒருவர் அவளைத் தன் தங்கை வீட்டில் ஒளித்துவைத்தார். பிறகு கட்டிக்கொண்டார். பதிவேட்டில் இருக்கிற பெயரும் பிறந்த ஊரும் அவர் போட்டுக்கொடுத்ததுதான்.

நல்ல மனுஷர். ஒரு நாளும் கை ஓங்கியதில்லை. அவளிடம் கேட்டது ஒன்றே ஒன்று. இனிமேல் உனக்கு இந்த ஊர் பாஷை மட்டும்தான், கனவில்கூட அது வேண்டாம் என்றார். அவள் அப்படியே இருந்தாள். மகனைத் தாலாட்டும்போதுகூட வாயை மூடிக்கொண்டு வெறும் மூச்சில் இழுத்தாள். மெக்கானிக் நெஞ்சில் பஞ்சு அடைத்துச் செத்து ஏழு வருஷம் ஆகிறது. அவர் போட்ட பூட்டு மட்டும் அப்படியே இருக்கிறது. முப்பத்தொரு வருஷம். சண்டை எப்போதோ ஓய்ந்துவிட்டது, ஆற்றின் மேல் பாலம்கூடக் கட்டிவிட்டார்கள். ஆனால் அக்கரையார் என்றால் இன்றைக்கும் வாடகைக்கு வீடு கிடைக்காது.

மகனுக்குப் பதிவு அலுவலகத்தில் வேலை. விண்ணப்பத்தில் தாயார் பிறந்த இடம் என்று ஒரு கட்டம். அப்பா சொல்லிக்கொடுத்த ஊரை எழுதிக்கொடுத்துத்தான் சேர்ந்தான். பொய்யென்று தெரிந்தால் அன்றைக்கே சீட்டுக் கிழியும். இது அம்மாவுக்கும் மகனுக்கும் மட்டும் தெரிந்த விஷயம். வீட்டுக்கு வந்த மருமகளுக்கே தெரியாது.

இப்படி எல்லாம் அடங்கிக் கிடந்த சமயத்தில்தான் அந்தப் பெண்பிள்ளை வந்து சேர்ந்தது.

ஏழு வயது. இரண்டாம் வகுப்பு. அம்மா இல்லை. அப்பா கட்டட வேலைக்காரர், பாலத்தைத் தாண்டி வந்த புது ஆள். இந்த ஊர் பாஷையில் அவருக்குத் தெரிந்தது சிமெண்ட், தண்ணி, மேலே, கீழே. பெரிய டீச்சருக்கு ஒரே சந்தோஷம். இருபத்து மூன்றாவது மொழி கிடைத்துவிட்டதே! அன்றைக்கே சுவரில் ஒரு வெற்று அட்டையை ஒட்டிவைத்தார்கள், பிள்ளை வரவேற்புச் சொல்லச் சொல்ல எழுதிக்கொள்ளலாம் என்று.

பிள்ளை சொல்லவில்லை. ஒரு மாதம், இரண்டு மாதம், எதுவுமே சொல்லவில்லை. வகுப்பு டீச்சர் சின்னப் பெண், மூன்று வருஷ சர்வீஸ், பொறுமைசாலி. குனிந்து, சிரித்து, பொம்மையைக் காட்டி, "உங்க வீட்டுல இதை என்னன்னு சொல்வீங்க?" என்று கேட்பாள். பிள்ளை தலையைக் குனிந்துகொள்ளும். சரி, கூச்சம் போகட்டும் என்று டீச்சர் அடுத்த பிள்ளைக்கு நகர்ந்துவிடுவாள். வகுப்பில் அதற்கு மியூட்டு என்று பெயர் விழுந்தது. ரிமோட்டில் உள்ள பொத்தான். சிலதுகள் பின்னாலிருந்து அதன் முதுகில் விரலால் அழுத்தி, சத்தம் வருகிறதா என்று பார்க்கும்.

ஜன்னலைத் துடைத்துக்கொண்டே பெல்லம்மா இதையெல்லாம் பார்ப்பாள். அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். டீச்சர் மேல் இல்லை. எப்படித் தெரியும் அந்தப் பெண்ணுக்கு?

விஷயம் இவ்வளவுதான். அக்கரை வீடுகளில் பெரியவர்கள் ஒரு கேள்வி கேட்டால் பிள்ளைகள் உடனே பதில் சொல்லக் கூடாது. முதல் தடவை கேட்டால் தலையைக் குனிந்து கேட்டுக்கொள்ள வேண்டும். இரண்டாம் தடவை கேட்டால் நிமிர்ந்து முகத்தைப் பார்க்க வேண்டும். மூன்றாம் தடவை கேட்ட பிறகுதான் வாயைத் திறக்க வேண்டும். முதல் கேள்விக்கே பதில் சொல்கிற பிள்ளையை வளர்ப்பு சரியில்லை என்பார்கள். அங்கே பெரியவர்களுக்கும் அது பழக்கம், தன்னால் மூன்று தடவை கேட்பார்கள். அதற்கு அரை நிமிஷம்கூட ஆகாது. பெல்லம்மாவே சின்ன வயதில் அவசரப்பட்டுப் பதில் சொல்லி அண்ணனிடம் குட்டு வாங்கியிருக்கிறாள். இந்தப் பிள்ளை நன்றாக வளர்க்கப்பட்ட பிள்ளை. அதுதான் அதற்கு வந்த கேடு.

ஒரு புதன்கிழமை பாட்டு வாத்தியார் வந்தார். குள்ளமாக, கலகலப்பாக, பள்ளியிலேயே பிள்ளைகளுக்கு மிகவும் பிடித்தவர். சின்னச் சின்ன டிரம் ஆளுக்கு ஒன்று கொடுத்து, அவரவர் வீட்டில் பாடுகிற பாட்டின் தாளத்தை வாசித்துக் காட்டச் சொன்னார். பிள்ளைகள் வெளுத்து வாங்கின. முறை வந்ததும் மியூட்டு டிரம்மை மடியில் வைத்துக்கொண்டு தட்ட ஆரம்பித்தது. மூன்று தட்டு, பிறகு மூன்று தட்டு, பிறகு ஒரு வெற்றிடம். மறுபடியும் மூன்று, மூன்று, வெற்றிடம்.

தாழ்வாரத்தில் பெல்லம்மா கையிலிருந்த துடைப்பம் நின்றுவிட்டது. அது ஏழு அடித் தாளம். ஏழாவது அடியைத் தட்டக் கூடாது, மனசுக்குள் எண்ண வேண்டும். அந்தப் பக்கத்தில் துணி துவைக்கும்போதும் மாவு பிசையும்போதும் குழந்தையைத் தட்டும்போதும் பெண்கள் கையில் தானாக வருவது. அம்மாவின் கை தன் முதுகில் தட்டிக்கொண்டிருந்தது அவளுக்கு அப்படியே தெரிந்தது. கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது.

பாட்டு வாத்தியாருக்கு அது நொண்டுவதாகக் கேட்டது. பரவாயில்லம்மா என்று அருகில் உட்கார்ந்து, பிள்ளையின் மணிக்கட்டைப் பிடித்து, ஒன்று இரண்டு மூன்று நான்கு என்று ஒழுங்காகத் தட்டிக் காட்டினார். அவர் கையை எடுத்ததும் பிள்ளை மறுபடியும் மூன்று, மூன்று, வெற்றிடம் என்று போனது. மற்ற பிள்ளைகள் சிரித்தன. நாலாம் தடவை அது டிரம்மைத் தரையில் வைத்துவிட்டது. வாத்தியார் தன் குறிப்பில் 'தாளம் நிற்கவில்லை, சொன்னதைத் திருப்பிச் செய்ய வரவில்லை' என்று எழுதினார். கெட்ட எண்ணத்தோடு எழுதவில்லை. ஆனால் அந்தக் குறிப்பு பிள்ளையின் கோப்பில் போய் உட்கார்ந்துகொண்டது.

மறுநாள் பின்பக்கக் குழாயடியில் பெல்லம்மா வாளியில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தாள். நினைப்பு எங்கேயோ இருந்தது. கை அதுபாட்டுக்கு வாளி விளிம்பில் தட்டிக்கொண்டிருந்தது. மூன்று, மூன்று, வெற்றிடம். நிமிர்ந்து பார்த்தால் எதிரே பிள்ளை நிற்கிறது. கழிப்பறைக்கு வந்தது போலிருக்கிறது. முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். பெரியவர்கள் கேட்காமல் பிள்ளைகள் முதலில் பேசக் கூடாது என்பதையும் மீறி, அது அவளிடம் தன் பாஷையில் கேட்டது.

"பெரியம்மா, நீங்க எங்க ஊரா?"

சுருதி தப்பாத சுத்தமான பேச்சு. பள்ளிக்குள் ஐந்து மாதமாகப் பூட்டியிருந்த வாயிலிருந்து வந்த முதல் பேச்சு. பெல்லம்மா சுற்றும்முற்றும் பார்த்தாள். மேல்மாடி ஜன்னலில் யாரோ நிற்பது மாதிரி இருந்தது.

"நீ சொல்றது எனக்குப் புரியலையே கண்ணு," என்றாள், இந்த ஊர் பாஷையில்.

பிள்ளை அவள் முகத்தையே பார்த்தது. பிறகு வகுப்புக்குப் போனது. ஆனால் நம்பவில்லை. பிள்ளைகளிடம் பொய் செல்லுபடியாவது கஷ்டம். அன்றிலிருந்து இடைவேளை விட்டால் அவள் பின்னாலேயே வரும். துடைத்த தரையில் கால் வைக்காமல் ஓரமாக நடக்கும், வாளியின் கைப்பிடியை ஒரு பக்கம் பிடித்துக்கொள்ளும். பேசாது. அவள் ஏதாவது கேட்பாள் என்று காத்திருந்தது. பெல்லம்மா கேட்கவில்லை.

அரையாண்டு முடிகிற சமயம் பெரிய டீச்சர் எல்லோரையும் கூட்டி வைத்துப் பேசினாள். இந்தப் பிள்ளையை மாவட்டத்திலிருந்து ஒரு அம்மாள் வந்து பரிசோதிக்கப் போகிறார்கள். மூளை வளர்ச்சி குறைவு என்று முடிவானால் மூன்று மணி நேரத் தொலைவில் இருக்கிற விடுதிப் பள்ளிக்கு அனுப்பிவிடுவார்கள். அங்கே போனவர்கள் திரும்பிச் சாதாரணப் பள்ளிக்கு வந்ததாகச் சரித்திரம் இல்லை. பிள்ளையின் பாஷையில் ஒரு ஆள் இருந்தால் சோதனையே வேறு மாதிரி வைக்கலாமாம்.

"உங்களுக்குத் தெரிஞ்சவங்க, அக்கம்பக்கத்துல, யாராவது அக்கரை பாஷை பேசுறவங்க இருக்காங்களா? இருந்தா கூச்சப்படாம சொல்லுங்க. பேரை வெளிய விடமாட்டேன்."

பெல்லம்மா டீ டம்ளர்களை அடுக்கிக்கொண்டிருந்தாள். அடுக்கினாள். எடுத்துக்கொண்டு போய்க் கழுவினாள்.

அன்றைக்குச் சாயங்காலம் மருமகள் கடைக்குப் போயிருந்த நேரத்தில் மகனிடம் எல்லாவற்றையும் சொன்னாள். எனக்கு மனசு கேட்கவில்லை, பெரிய டீச்சர் நல்லவள், ரகசியமாக வைத்துக்கொள்வாள் என்றாள். அவன் தட்டைத் தள்ளிவைத்தான். சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் அவளும் பதிலுக்குப் போட்டிருப்பாள்.

"நான் உன்னைத் தடுக்கலைம்மா. ஒண்ணே ஒண்ணு மட்டும் சொல்லு. உனக்கு அந்தப் பிள்ளையா, நானா?"

 அவன் கேட்டது நியாயமில்லை என்று அவளுக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும். மருமகளுக்கு அப்போது நாலாவது மாதம். பெல்லம்மா தட்டை அவன் பக்கம் நகர்த்தி, ஆறிப்போகுது, சாப்பிடு என்றாள்.

பரிசோதனை நாளில் அவள் மணி அடித்துவிட்டு மாடிப்படி துடைக்கப் போய்விட்டாள். கண்ணில் படாமல் இருந்துவிடலாம் என்று கணக்கு. நடக்கவில்லை. வகுப்பு டீச்சர் மூச்சு வாங்க ஓடிவந்தாள். பிள்ளை அறைக்குள் வரமாட்டேன் என்று கதவைப் பிடித்துக்கொண்டு நிற்கிறதாம். "உங்க பின்னாலதானே சுத்துது அக்கா, நீங்க சும்மா பக்கத்துல உட்காருங்க போதும்," என்றாள். போனாள். பிள்ளை அவள் கையைப் பிடித்துக்கொண்டு உள்ளே வந்து உட்கார்ந்தது. அடுத்த நாற்காலியில் அவள்.

மாவட்டத்து அம்மாள் நாற்பது வயதுக்காரி. கண்ணாடி, கைக்கடிகாரம், ஒரு தடித்த கோப்பு. அதட்டுகிற ஆள் இல்லை. பிள்ளைக்கு ஒரு மிட்டாய் கொடுத்துவிட்டுத்தான் ஆரம்பித்தாள். மேஜையில் பன்னிரண்டு பட அட்டைகள். ஒவ்வொரு அட்டைக்கும் ஒரு கேள்வி, பத்து விநாடி, அதற்குள் பதில் வராவிட்டால் ஒரு குறி. அவளுக்குச் சொல்லிக்கொடுத்த முறை அது.

"பந்து எங்கே இருக்கு?"

பிள்ளை தலையைக் குனிந்தது. பத்து விநாடி. குறி.

"இதுல எது பெரிசு?"

தலை குனிந்தே இருந்தது. குறி.

அதற்குப் பந்தும் தெரியும், பெரிசும் தெரியும். பன்னிரண்டாம் பக்கத்தைத் திற என்று டீச்சர் சொன்னால் சரியாகத் திறக்கிற பிள்ளை. ஐந்து மாதத்தில் இந்த ஊர் பாஷை முக்கால்வாசி அதன் காதில் ஏறிவிட்டது என்பது பெல்லம்மாவுக்குத் தெரியும். மூன்றாவது அட்டை. நாலாவது. ஒவ்வொரு கேள்விக்கும் பிள்ளையின் விரல் அவள் உள்ளங்கைக்குள் அசைந்தது. பதில் அந்த விரலில் வந்து நின்றுகொண்டிருந்தது. 

ஐந்தாவது அட்டை. ஒரு வீடு, ஒரு மரம், ஒரு பறவை. பறவை எங்கே என்று அம்மாள் கேட்டாள். பத்து விநாடி முடிந்தது. பேனா கோப்பின் மேல் இறங்கப் போனது. பெல்லம்மா வாயிலிருந்து அது தானாக வந்துவிட்டது.

"இன்னொரு தடவை கேட்டுப் பாருங்களேன்மா."

அம்மாள் நிமிர்ந்தாள். முறைப்படி கூடாதுதான், ஆனாலும் சரி என்பது போல, "பறவை எங்கே இருக்கு?" என்று இரண்டாம் தடவை கேட்டாள்.

பிள்ளை தலையை நிமிர்த்தியது. நேராக, கண் கொட்டாமல், அம்மாளின் முகத்தைப் பார்த்தது. காலையிலிருந்து முதல் தடவையாக. பெல்லம்மாவின் கையை விட்டுவிட்டு இரண்டு கையையும் மேஜை மேல் வைத்துக்கொண்டது. இன்னும் ஒரே ஒரு தடவை. ஒரே ஒரு தடவை கேட்டால் போதும்.

மாவட்டத்து அம்மாள் கெட்டிக்காரி. ஏதோ நடந்தது என்று பிடித்துவிட்டாள். பேனாவை மூடி வைத்துவிட்டு பெல்லம்மா பக்கம் திரும்பினாள். குரலில் குற்றம் எதுவும் இல்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டாள்.

"ஏன் அப்படிச் சொன்னீங்க? இவங்க ஆளுங்க பழக்கம் ஏதாவது உங்களுக்குத் தெரியுமா?"

கதவருகே பெரிய டீச்சர். அவள் பக்கத்தில் வகுப்பு டீச்சர். ஜன்னலோரம் வேறொரு வேலையாக வந்த அலுவலக குமாஸ்தா, மகன் வேலை பார்க்கிற பதிவு அலுவலகத்துக்கு வாரத்தில் இரண்டு தடவை போய் வருகிறவர். எல்லோரும் அவளையே பார்த்தார்கள்.

"இல்லம்மா," என்றாள். "எனக்கென்ன தெரியும். சும்மா, பிள்ளைதானேன்னு சொன்னேன்."

சரி என்று அம்மாள் பேனாவைத் திறந்தாள். ஐந்தாவது அட்டைக்குக் குறி போட்டு, ஆறாவதை எடுத்தாள். பிள்ளை கொஞ்ச நேரம் அப்படியே பார்த்துக்கொண்டிருந்தது. பிறகு தலையைக் குனிந்துகொண்டது. மீதி ஏழு அட்டைக்கும் அது நிமிரவில்லை. மேஜை மேல் வைத்த கையைத் திரும்பவும் பெல்லம்மாவிடம் கொடுக்கவும் இல்லை.

முடிவு இரண்டு வாரத்தில் வந்தது. பாட்டு வாத்தியாரின் குறிப்பும் அதில் மேற்கோளாக இருந்தது. அப்பாவுக்கு விஷயத்தைச் சொல்ல மேஸ்திரியைக் கூப்பிட்டார்கள். மேஸ்திரிக்குத் தெரிந்த அக்கரை பாஷை சாந்து குழைக்கிற அளவுக்குத்தான். பெரிய பள்ளிக்கூடம், சாப்பாடு இலவசம், தங்க இடம் இலவசம் என்று சொல்லிப் புரியவைத்தான். அந்த மனுஷருக்குத் தலைகால் புரியவில்லை. என் பிள்ளை கெட்டிக்காரி என்று தேர்ந்தெடுத்திருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டார். காட்டின இடத்திலெல்லாம் கைநாட்டு வைத்தார். வேன் வந்த அன்றைக்குப் பிள்ளைக்குப் புது ஷூ வாங்கிப் போட்டுக் கூட்டிவந்தார். வாட்ச்மேன் உட்பட எல்லோருக்கும் கை கொடுத்தார். பெல்லம்மா வாசலுக்கு வரவில்லை. மேல்மாடிக் கழிப்பறையில் தண்ணீரைத் திறந்துவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வேன் கிளம்புகிற சத்தம் கேட்கக் கூடாது என்று பார்த்தாள், கேட்டது.

அதற்குப் பிறகு நாற்பது நாள். அவளுக்குச் சோறு இறங்கவில்லை. பேரப்பிள்ளை வரப்போகிறதே, சந்தோஷமா இருங்க அத்தை என்று மருமகள் அவளுக்குச் சமாதானம் சொன்னாள். மகன் அவள் முகத்தைப் பார்க்காமல் வேலைக்குப் போய் வந்தான்.

நாற்பத்தோராம் நாள், பாடம் நடந்துகொண்டிருந்த நேரம், அப்பா வந்தார். சட்டையெல்லாம் சிமெண்ட் தூசி. வேலையைப் பாதியில் போட்டுவிட்டு விடுதிக்குப் போய்ப் பார்த்துவிட்டு, அங்கிருந்து நேரே வந்திருந்தார். பெரிய டீச்சர் மேஜைக்கு முன்னால் நின்று தன் பாஷையில் மளமளவென்று பேசினார். பெரிய டீச்சர் உட்காருங்க, உட்காருங்க என்று கையைக் காட்டினாள். அவர் உட்காரவில்லை. சத்தம் கேட்டு அலுவலகத்து ஆட்கள் வாசலில் கூடிவிட்டார்கள். மேஸ்திரி ஊரில் இல்லையாம். "இவருக்குக் கொஞ்சம் தண்ணி குடுத்து, அப்புறம் வரச் சொல்லி எப்படியாவது அனுப்பிவிடுங்க பெல்லம்மா," என்றாள் பெரிய டீச்சர், பாவம், வேறு வழி தெரியாமல்.

தண்ணீரோடு நின்ற பெல்லம்மாவுக்கு அவர் சொன்ன ஒவ்வொரு வார்த்தையும் புரிந்தது. அங்கே வாய் பேச முடியாதவர்கள் நடுவில் தன் பிள்ளையைப் போட்டிருக்கிறார்கள் என்றார். பகலெல்லாம் ஒரே நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறாள் என்றார்.

"வீட்டுல நிறுத்தாம பேசுற பிள்ளை அது. நான் மூணு தடவை கேட்டேன். முப்பது தடவை கேட்டேன். என்கிட்டகூடப் பேச மாட்டேங்குறா. என் பிள்ளையை என்ன செஞ்சீங்க?"

யாருக்கும் புரியவில்லை. அவரும் புரியாது என்று தெரிந்தேதான் கேட்டார். அந்த மாதிரிக் கேள்வியை யாராவது ஒருத்தர் காதில் போட்டுக்கொள்ள வேண்டாமா?

பெல்லம்மா டம்ளரை மேஜையில் வைத்தாள். வாயைத் திறந்தாள்.  

"தப்பு என்னோடதுதாங்க," என்றாள் அவருடைய பாஷையில். "உங்க பிள்ளைக்கு ஒரு குறையும் இல்ல. இவங்க ஒரு தடவைதான் கேட்டாங்க. அதான் பதில் வரலை."

 பெரிய டீச்சரின் வாய் திறந்தது திறந்தபடி இருந்தது. வாசலில் அந்தக் குமாஸ்தா நின்றிருந்தார். பெல்லம்மா அவரைப் பார்த்தாள். சாயங்காலத்துக்குள் மகன் காதுக்குப் போய்விடும். தெரிந்துதான் பேசினாள்.

அப்பா அவளை மேலும் கீழும் பார்த்தார். கண்ணில் சந்தோஷம் மாதிரி ஒன்று வந்து, உடனே போய்விட்டது.

"நீங்க இங்கேயேதான் இருந்தீங்களா? பரீட்சை வச்ச அன்னைக்கு?"

"இருந்தேன்."

"எங்க?"

"அவளுக்குப் பக்கத்து நாற்காலியில."

அவர் வையவில்லை. வைதிருந்தால் அவள் காலில் விழுந்திருப்பாள். பெரிய டீச்சர் அதற்குள் எழுந்து வந்து, அவர் என்ன சொல்கிறார், கேளுங்க, மறுபரிசோதனைக்கு எழுதலாம், ஆனால் அடுத்த வருஷம்தான் எடுப்பார்கள், அதையும் சொல்லுங்க என்று பரபரத்தாள். பெல்லம்மா எல்லாவற்றையும் ஒன்று விடாமல் சொன்னாள். அடுத்த வருஷம் என்பதை அவர் திருப்பி ஒரு தடவை தனக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டார். மேஜையில் இருந்த தண்ணீரைத் தொடவில்லை.

விடுதிக்குப் போகிற கடைசி பஸ் எத்தனை மணிக்கு, அது இந்தப் பக்கத்தில் எங்கே நிற்கும் என்று மட்டும் அவளிடம் கேட்டார். நாலரைக்கு, வெளியே போய் இடது பக்கம் திரும்பி, மருந்துக் கடையைத் தாண்டினால் வரும் என்று அவள் சொன்னாள். முப்பத்தொரு வருஷத்துக்குப் பிறகு, தன் பாஷையில் ஒருத்தர் கேட்டதற்கெல்லாம் அவள் முதல் தடவையிலேயே உண்மையைச் சொல்லிவிட்டாள். அவர் தலையை ஆட்டிவிட்டு வெளியே போய் இடது பக்கம் திரும்பினார்.